நாற்பத்து மூன்றாவது தலை

ஜூன் 10, 2025. செவ்வாய்

போதும். இனி வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

காலையில் என் மனைவி சசிகலா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே போனில் 'நெசமா நடந்தது' கேட்டுக்கொண்டிருந்தாள். ஓசூரில் இருக்கும் மலர்விழி என்ற பெண் நடத்தும் யூடியூப் சேனல். நேயர்கள் எழுதி அனுப்பும் பேய் அனுபவங்களை வாசிப்பாள். நான் கல்லூரிக்குக் கிளம்ப சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "கண்டக்டர் தலைய எண்ணுறாரு. நாப்பத்தி மூணு. கிழிச்ச டிக்கெட்டு நாப்பத்தி ரெண்டு" என்றது குரல். கை பித்தானிலேயே நின்றுவிட்டது.

என் கதை. 1997-இல் மாத நாவலாக வந்தது. நான் எழுதிய நாற்பத்தொரு பேய் நாவல்களில் பதினொன்றாவது. சித்தேரி மலை ஏறும் பஸ், கொட்டும் மழை, எத்தனை முறை எண்ணினாலும் ஒரு தலை அதிகம். கேட்டால் எல்லோர் கையிலும் டிக்கெட் இருக்கிறது!

"பெயர் வேண்டாம் என்ற நேயர்" அனுப்பியதாம். நான்கு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

"இது என் கதை" என்றேன்.

சசிகலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க கதைல இவ்ளோ அழுக வராதுங்களே."

ஜூன் 11

முழுவதும் கேட்டேன். திருடியவன் முடிவையும் கெடுத்துவிட்டான். என் நாவலில் அந்த அதிகப்படித் தலை கண்டக்டருடையதேதான். அவன் முதல் நாளே இறந்துபோனவன். எவ்வளவு கச்சிதம். இவர்கள் கதையில் யார் என்றே கண்டுபிடிப்பதில்லை. கண்டக்டர் ஒவ்வொருவராக இறக்கி எண்ணப் போகிறார். ஒரு மலைக்காரம்மா, "யாரா இருந்தா என்ன சாமி, மழை பேயுது, எறக்கி வுடாதீங்க" என்கிறாள். பஸ் அப்படியே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான். இது ஒரு முடிவா?

மலர்விழிக்குக் காரமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். என் பெயரைச் சொல்லி அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு.

யார் விற்றிருப்பான் என்று யோசிக்கவே வேண்டாம். மதியழகன்.

ஜூன் 12

அவனை எழுதாமல் இதை எழுத முடியாது.

அப்போது நாங்கள் நண்பர்கள், இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது. நான் வேதியியல் எம்.எஸ்.சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். கதையை எழுதும் முன் பஸ்ஸில் சோதித்துப் பார்ப்போம். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போலத் தனித்தனியாக ஏறுவோம். மதி பக்கத்து ஆளிடம் தன் சொந்தக்காரனுக்கு நடந்ததாகக் கதையை எடுத்துவிடுவான். நான் இரண்டு சீட்டு பின்னால் உட்கார்ந்து, கேட்கிறவர்களின் கழுத்துகளைப் பார்ப்பேன். எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள், எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்று நோட்டில் குறிப்பேன். இறங்கியதும் டீக்கடையில் சிரித்துச் சிரித்துப் புரையேறும். ஒரு நாள் பாதிக் கதையில் மதி இறங்க வேண்டிய இடம் வந்துவிட, "அப்புறம் என்னாச்சுப்பா?" என்று இரண்டு பேர் அவனோடு இறங்கிவிட்டார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பதினொன்றாவது நாவலோடு முறிந்தது. அட்டையில் பெயர் போடச் சொன்னான். சொல்கிறவனெல்லாம் எழுத்தாளனா? அதன் பிறகு எழுதிய முப்பதையும் நான் எந்தப் பஸ்ஸிலும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஜூன் 13

குளிர்பதனக் கிடங்குப் பேய் நாவல் ஆறாம் அத்தியாயத்திலேயே நிற்கிறது. எட்டு வருடம் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டுத் தொட்டது. பேய் வருகிறது, கதவு தானாக மூடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. எனக்கும்தான்.

அதற்குப் பதில் ஒரு கொரியத் தொடர் பார்த்து முடித்தேன். ஏழு எபிசோட் வரை பேயே கிடையாது. காலியாக இருக்கும் மேல்வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் மட்டும். இந்த வருடத்தில் பார்த்ததில் இதுதான் முதலிடம். அப்புறம் திருநெல்வேலிப் பையன்கள் எடுத்த பதினொரு நிமிடக் குறும்படம். கிணற்றில் வாளி விழுகிறது, மேலே வரும்போது அதற்குள் துணி துவைத்து மடித்து இருக்கிறது. பொறாமையாக இருந்தது. நம் சினிமாப் பேய்களோ பாட்டுப் பாடிவிட்டுப் பிளாஷ்பேக் சொல்கின்றன.

ஜூன் 14

மலர்விழியின் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள்.

"சார், அனுப்பினவங்க ஒரு அக்கா. அவங்கம்மா பேரு பெரியம்மாள். அந்த பஸ்ல இருந்தவங்க. மழை பேஞ்சா புள்ளைங்களை உக்கார வெச்சு இதைச் சொல்லுவாங்களாம். 'எறக்கி வுடாதீங்க'ன்னு சொன்னதே அவங்கம்மாதானாம். போன தை மாசம் தவறிட்டாங்க. அந்த நினைவுலதான் அனுப்புனாங்க. நீங்க புக்கோட போட்டோ அனுப்புங்க சார். அது கட்டுக்கதைன்னு அக்காகிட்ட சொல்லிட்டு, அடுத்த வாரம் உங்க பேரை அறிவிச்சுடறேன்."

அட்டைப் படம் எடுத்து வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் மதியின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 15. ஞாயிறு

மாரண்டஹள்ளி. மதி அங்கே விதைக்கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்றா, பஸ் புடிச்சு வந்திருக்க? யாரு செத்துட்டாங்க?"

"கதைய வித்துட்டியே."

போனை நீட்டினேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். தக்காளி விதை கேட்டு வந்தவரிடம், "இருங்கண்ணா, பேய் பஸ்ல ஏறிடுச்சு, எறங்கட்டும்" என்றான். அவரும் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார். முடிந்ததும் மதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சித்தேரி பஸ்ல, கொட்டுற மழைல, சாமை மூட்டையோட ஏறுச்சேடா அந்தம்மா. நெனப்பில்ல? எறக்கி எண்ணப் போறாங்கன்னு நான் சொன்னதும் என் கைய புடிச்சுக்கிட்டு, 'யாரா இருந்தா என்ன சாமி, மழை பேயுது, எறக்கி வுடாதீங்க'ன்னுச்சு. நெசமாவே அழுதுச்சு. பஸ்ஸே கம்முனு ஆயிருச்சு. நீ பின்னாடிதான உக்காந்திருந்த?"

உட்கார்ந்திருந்தேன்.

"அதான் முடிவு, அதையே எழுதுன்னு காலுல வுழாத குறையா கேட்டேன். 'சாமை மூட்டைக்காரி சொல்லி நான் எழுதணுமா'ன்ன."

"நீ அட்டைல பேர் கேட்ட. சண்டை அதுக்குத்தான்."

"யாரு பேருடா கேட்டேன்? அந்தம்மா யாருன்னு விசாரிச்சு, மொத பக்கத்துல ஒரு வரி நன்றி போடுன்னேன். என் பேரு எனக்கு எதுக்குடா? கடை போர்டுலயே என் பேரு இல்ல, எம் பொண்டாட்டி பேருதான் இருக்கு!"

வெளியே போய்ப் பார்த்தேன். கோகிலவாணி விதை நிலையம்.

விதை வாங்க வந்தவர் கேட்டார்: "ஏங்க, அந்த பஸ்ஸு இப்பவும் ஓடுதுங்களா?"

மதி சிரிக்கவில்லை. "ஓடுதுங்கண்ணா" என்றான்.

ஜூன் 16

அவன் பொய் சொல்கிறான்.

ஜூன் 18

பொய் சொல்லவில்லை. பரணில் அந்த நோட்டு இருந்தது. என் கையெழுத்துதான். 'மூன்றாம் சீட்டு, சாமை மூட்டை, அழுகிறாள். பஸ்ஸில் சத்தமே இல்லை.' அதற்குக் கீழே, 'தேவையில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இரண்டு கோடு.

அட்டையில் பெயர் கேட்டான் என்று எப்போது நம்ப ஆரம்பித்தேன்? எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்!

ஜூன் 20

மலர்விழி மறுபடி எழுதியிருக்கிறாள். "போட்டோ வரல சார். ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங்."

அனுப்பினால் நான்கு லட்சம் பேருக்கு என் பெயர் தெரியும். நாற்பத்தொரு புத்தகம் எழுதியும் கிடைக்காதது. அந்தப் பெண்ணுக்குத் தெரியப் போவது வேறு: தன் அம்மாவை வேலையற்ற இரண்டு பேர் பஸ்ஸில் வைத்து ஏமாற்றினார்கள், கழுத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள், பிறகு டீக்கடையில் சிரித்தார்கள்.

சசிகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க பேரு இத்தன நாளு எங்கயும் வராம செத்தா போயிட்டீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா சொன்னத நீங்க காதால கேட்டீங்களா? நெசமாவா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் இப்படிக் கதை கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று.

ஜூன் 22. ஞாயிறு

மலர்விழிக்கு இரண்டு வரி: என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தவறாக நினைவில் வைத்திருந்தேன்.

பிறகு சேனலின் நேயர் பக்கத்தைத் திறந்து எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனது. குளிர்பதனக் கிடங்கு இத்தனை மாதத்தில் இப்படி ஒரு நாள்கூட ஓடியதில்லை.

'பெரியம்மாளின் மகளுக்கு. 1997-இல் சித்தேரி பஸ்ஸில் நானும் இருந்தேன், உங்கள் அம்மாவுக்கு இரண்டு சீட்டு பின்னால். வெளியே நல்ல மழை. மடியில் சாமை மூட்டை வைத்திருந்தார். யாரா இருந்தா என்ன சாமி, மழை பேயுது, எறக்கி வுடாதீங்க என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. யாரையும் இறக்கிவிடவில்லை.'

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இப்படி நான் எழுதியது இதுதான் முதல் தடவை.

கீழே 'உங்கள் பெயர்' என்று ஒரு கட்டம். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், கட்டாயமில்லை. காலியாக விட்டே அனுப்பப் போகிறேன்.