ஜெப்சி அடைத்த வாசல்

அன்பு மகன் ரெனிஷுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஜெப்சியும் சுகமாக இருக்கிறோம், நீயும் கத்தாரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி இருக்கிறேன். ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்பதால் அப்பாவுக்குப் பால்வெட்டு இல்லை, வீட்டில் உட்கார்ந்து என் மீன்குழம்பில் குற்றம் கண்டுபிடிக்கிறார். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். இதில் நீ வாயைத் திறக்க முடியாது.

ஜெப்சி பிளஸ் ஒன்னில் கட்டட வேலைப் பிரிவு எடுத்ததற்கு நீ குதித்தாய் அல்லவா, நம்ம வீட்டுப் பெண்ணு சாந்துச்சட்டி சுமக்கவா என்று. எனக்கும் மனசு ஒப்பவில்லை, சர்ச்சில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்தது. நீ சொன்னபடி அவளைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கத்தான் போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியர் குமாரதாஸ் சார் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், ஒர்க் ஷாப்பில் இருங்கள், அங்கேதான் வருவார் என்றார்கள். அன்றைக்குச் செய்முறைப் பரீட்சை என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி வைகுண்டராஜன் சார் ஃபேனுக்குக் கீழே பேப்பரை முகத்தில் போட்டு நல்ல உறக்கம். நானும் மூலையில் ஒரு பெஞ்சில் இருந்தேன்.

மற்ற பிள்ளைகள் வெளியே பின்பக்கம் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஜெப்சிக்கு வந்த கேள்வி, கொடுக்கப்பட்ட வாசலைச் செங்கல்லால் அடைத்துக் காட்டுக என்பது. அந்த ஒர்க் ஷாப்புக்கு இருப்பதே ஒரு வாசல், பிள்ளை அதை அடைக்கிறாள். கல்லும் கலவையும் வெளியே கிடந்ததால் அவளும் வெளியே. முதலில் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆள் போக வழி விடுவாள் என்று. முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. ஏட்டி நான் உள்ளே இருக்கேன் என்றேன். அம்மா ஆடாத அனங்காத இரி, தொட்டா மார்க்கு போவும் என்றாள், தூக்குக்குண்டைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி. அப்புறம் அவள் கழுத்து மறைந்தது, மூக்கு மறைந்தது, கடைசியில் சடை ரிப்பன் மட்டும் ஆடியது. அந்தக் கண்ணில் இருந்த கவனத்தை நான் இந்தப் பதினாறு வருஷத்தில் பார்த்ததில்லை மக்கா. பாத்திரம் கழுவச் சொன்னால் பாதியில் ஓடுகிற பிள்ளை இது.

அதிகாரி எழும்பியபோது வாசல் அடைபட்டு உள்ளே அரை இருட்டு. வாசலைக் கேட்டார், காட்டினேன். கோபப்படவா, மார்க் போடவா என்று அவருக்கே தெரியவில்லை. ஜன்னலில் போன வருஷத்துப் பிள்ளைகள் வெல்டிங் படித்து வைத்த கம்பி, யானை இழுத்தாலும் வராது. இரண்டு அதிகாரிகளும் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வேலையைத் தொடக்கூடாது என்பது சட்டம், காலையில் அவரே சத்தமாக வாசித்தாராம். இரண்டாவது அதிகாரியோ பஸ் மாறி ஏறி எங்கேயோ சிதறால் ஊரில் போய் இறங்கியிருக்கிறார். மத்தியானம் ஆனதும் இவருக்கு ஒண்ணுக்கு முட்டிவிட்டது. எம்மா, ரெண்டே ரெண்டு கல்லு மட்டும் தள்ளுகேன் என்று காலைத் தூக்கினார். மூலையில் கிடந்த விளக்குமாறை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன். எம்பிள்ள மார்க்குல கை வச்சா நான் மனுஷியா இருக்கமாட்டேன் சார் என்றேன். பாவம், ஒரு பெயிண்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு ஜெப்சி கட்டிய சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அப்போதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். வரி வரியாக எவ்வளவு நேர்! கல்லுக்கு நடுவே ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் குமாரதாஸ் சார் ஜன்னல் வழியாகச் சாயா நீட்டினார், நீங்க என்ன காரியமா வந்திய என்று கேட்டார். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சும்மா, பிள்ள படிக்கியத பாக்க வந்தேன் சார் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு மற்றவர் வந்து வெளிப்பக்கம் பார்த்தார், இவர் உள்பக்கம் பார்த்தார், முழு மார்க். ஜெப்சியே மேல்வரியிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றி எங்களை வெளியே எடுத்தாள். அதிகாரி நேராகக் கேட்டைப் பார்த்து ஓடினார். வீட்டுக்கு வரும் வழியில், நான் எதுக்கு வந்தேன்னு தெரியுமாட்டி என்று கேட்டேன். தெரியும், அதான் சாந்து கொஞ்சம் கட்டியாட்டு கொழச்சேன் என்றாள்.

ஆகவே மகனே, பிரிவு மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். லீவுக்கு வரும்போது எனக்கு சென்ட் பாட்டில் வேண்டாம், அவளுக்குச் சுவர் மட்டம் பார்க்கிற நல்ல ரசமட்டம் ஒன்று வாங்கி வா. எண்ணெய்ப் பலகாரம் குறை, ஞாயிறு ஆராதனையை விடாதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. கோபம் வந்தால் என்னோடு காட்டு. ஜெப்சியோடு வேண்டாம், நீ பேசி முடிக்குமுன் உன்னையும் உள்ளே வைத்துக் கட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா ரத்தினபாய்