மூன்று உப்பு வெண்ணெய் பிஸ்கட்டுகள்

அன்பான அக்காவுக்கு,

மாடிவீட்டிலிருந்து எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழந்தை நலமாகட்டும் என்பதையே இந்தக் கடிதத்தின் முதல் வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத் துணி எடுக்க உங்கள் வீட்டு அண்ணன் காலையில் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். படியிலேயே நிறுத்தி, "நேத்து சாயங்காலம் குழாயை எடுத்துட்டாங்கம்மா. தானா மூச்சு விடுறா. இன்னும் பேசத்தான் இல்ல" என்றார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், நாலு நாளாகத் தூங்காத மனிதர், "அழாதீங்க, உங்களுக்கும் அவ பொண்ணு மாதிரிதானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். குளிர்பெட்டியில் இருந்த பாலும் காய்கறியும் கெட்டுப்போவதற்குள் எடுத்துவிட்டேன். தையல் மெஷினைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். கல்யாணத்துக்கென்று உங்களிடம் தைக்கக் கொடுத்த அந்த நீலப் பாவாடைக்காரம்மா ரெண்டு தடவை வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும், "பாவாடை கிடக்கட்டும், புள்ளையப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று தடவை போனில் பேசினோம், மூன்று தடவையும் நான் செடியைப் பற்றித்தான் பேசினேன். ஒவ்வொரு தடவையும் வேறொன்றைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்ததும், "நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்டி" என்று அழுவீர்கள். தொண்டைக்குழி வரை வந்தது உள்ளே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன் அக்கா. நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் கோளாறு எதுவும் இல்லை. நம் வாலுப் பெண்ணுக்கு அப்படி ஆனது என் கையால்.

திங்கட்கிழமை அவளுக்கு முன்பல் விழுந்ததல்லவா, அதைக் காகிதத்தில் மடித்து எனக்குக் காட்ட மாடிக்கு ஓடிவந்தாள். "மாடிச் சித்தி, பல் போனதுக்கு எனக்கு என்ன தருவீங்க?" என்று வியாபாரம் பேசினாள். கோடு போட்ட பிஸ்கட் மூன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பழகிக்கொண்ட அந்தப் பிரெஞ்சுக்கார உப்பு வெண்ணெய் பிஸ்கட்தான். உங்களுக்கும் பிடிக்குமே. மஞ்சள் கருவைத் தடவி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுப்பேன். அந்தக் கோடு போடும் வேலையைப் பாதிநாள் அவள்தான் செய்வாள்.

அவளுக்கு மூன்று வயதில் உதடு வீங்கியபோது, கடலை, முந்திரி, பாதாம் எதுவும் ஆகாது என்று நீங்கள் சொன்னீர்கள். அன்றிலிருந்து என் சமையலறைக்குள் அவற்றில் ஒன்றுகூட வந்ததில்லை. இவருக்குக் கடலை வேண்டுமென்றால்கூடத் தெருமுனையிலேயே தின்றுவிட்டு வாய் கொப்பளித்துவிட்டுத்தான் மேலே வருவார். நாலு வருஷம் அப்படி இருந்தேன். போன வாரம் நூலகத்து அம்மா ஓய்வு பெறும் விருந்துக்குப் பிஸ்கட் கேட்டார். "கொஞ்சம் பாதாம் போட்டுச் செய்யேன், எனக்காக" என்றார். ஒரே ஒரு தடவைதானே என்று ஒப்புக்கொண்டேன். ஒரு பாக்கெட் பாதாம் பொடி வாங்கிவந்து மேல்தட்டில் வைத்தேன். தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மாவு பிசைந்தேன். ஒன்று வெறும் மைதா, மற்றது நாலில் ஒரு பங்கு பாதாம். இரண்டையும் உருளையாக உருட்டி, வெண்ணெய்த் தாளில் சுற்றி, இறுகுவதற்காகக் குளிர்பெட்டியில் வைத்தேன். பாதாம் உருளையின் மேல் பென்சிலால் 'பா' என்று எழுதினேன். வெண்ணெய் ஊறிய தாளில் பென்சில் நிற்குமா என்று யோசிக்கவில்லை. காலையில் திறந்தபோது எதிலும் எழுத்து இல்லை. இடதுபக்கம் வைத்தது வெறும் மாவு என்று எனக்கு நினைவு. அதை எடுத்து வில்லை போட்டு ஓவனில் வைத்தேன்.

வாலு கேட்டபடி மூன்று கொடுத்தேன். கைக்குட்டைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி. ஒண்ணு போதும்னு சொல்லுவாங்க. நானும் சொல்லமாட்டேன், சத்தியம்" என்றாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அதைத் தின்றிருக்கிறாள். அதனால்தான் எல்லோரும் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்து நீங்கள் கதறியதைக் கேட்டு நான் கீழே ஓடிவந்தபோதும், ஆம்புலன்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோதும் எனக்கு இது தெரியாது. இதை நம்புங்கள். புதன்கிழமைதான் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த உருளையை எடுத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். வெறும் வெண்ணெய். வெறும் உப்பு. பாதாம் இல்லை. அப்படியென்றால் அவள் தின்றதுதான் பாதாம். ஓவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். இவர் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து, "என்னாச்சு, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்று பதறினார்.

சொன்னேன். என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பிறகு, "சொல்லிடு. வேற யாருக்காகவும் இல்ல. அந்தக் குழந்தை கண்ணு முழிச்சு, என்ன தின்னேன்னு டாக்டர் கேட்டா, அது சொல்லாது. உனக்குச் சத்தியம் பண்ணியிருக்கு" என்றார்.

அன்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்குக் குழாய் போட்டுக் கிடக்கிற குழந்தை என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை காலை உங்கள் ஆஸ்பத்திரிக்கே போன் செய்து டாக்டரிடம் சொன்னேன். எத்தனை பிஸ்கட், எவ்வளவு பாதாம், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வைத்தியம் சரியாகத்தான் நடக்கிறது, ஆனாலும் இது தெரிந்தது நல்லது என்றார். "நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். சித்தி என்றேன். "அம்மாவுக்கு நான் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ரெண்டு நாள் ஓட்டிவிட்டேன். அந்த ரெண்டு நாளுக்கும் சேர்த்து என்னைத் திட்டுங்கள்.

போனை வைத்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சமையல்காரம்மாவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். தலைமையாசிரியை அவரை வரவழைத்து, அவர் முன்னாலேயே என்னைச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் சமையல்காரம்மா கத்துவார் என்று பார்த்தேன். "மூணு நாளா அரிசி களைஞ்ச பாத்திரத்தை எல்லாம் மனசுக்குள்ள ஒண்ணொண்ணா திறந்து பார்த்துட்டு இருந்தேன்மா. எதுல தப்பு பண்ணேன்னு" என்று மட்டும் சொன்னார். மறுநாளே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் அவரைச் சும்மா விடமாட்டேன் என்று போனில் சொன்னீர்கள். அவரை விட்டுவிடுங்கள் அக்கா.

இதுவரை எழுதியதெல்லாம் டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் இவரிடமும் சொன்னது. தவறுதலாக மாறிப்போச்சு என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை. மிச்சத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை தட்டை வெளியே எடுத்தபோது வெண்ணெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. லேசாக, இனிப்பாக. நான் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். நின்றேன் அக்கா. ஒரு வில்லையை உடைத்து வாயில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் அவள் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு, "சீக்கிரம் சித்தி" என்றாள். தெருவில் பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது. நேற்று பிசைந்த கிண்ணத்தின் வாசனையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடு ஆற ஊதி ஊதி, மூன்றையும் அவள் கையில் வைத்தேன்.

கண்ணை மூடினால் அந்த வாசனைதான் வருகிறது. கீழே உங்கள் கதவு பூட்டியே கிடக்கிறது. படியில் யார் காலடி கேட்டாலும் பயமாக இருக்கிறது. அவள் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்று நாலு நாள் பயந்தேன். இப்போது, வந்து என் கதவைத் தட்டினால் எந்த முகத்தோடு திறப்பேன் என்று பயப்படுகிறேன். அதைவிடப் பெரிய பயம், நீங்கள் அவளைத் தட்டவே விடமாட்டீர்களோ என்பது. விடவேண்டாம் என்று தோன்றினால் விடாதீர்கள். அதற்கு நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

அண்ணன் கீழே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். மதிய ரயிலுக்குக் கிளம்புவார். அவர் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உறையை ஒட்டாமல்தான் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

அவள் நன்றாக விழித்ததும் காதோடு சொல்லுங்கள், சித்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நீ எதையும் மறைக்க வேண்டாம் என்று. அவள் முதலில் என்ன பேசினாலும், அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் என்னோடு பேச வேண்டாம். போனை அவள் வாய்ப்பக்கம் வைத்தால் போதும். அவள் மூச்சு விடுவதை ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நானே வைத்துவிடுகிறேன்.

நூறு வயது இருக்கட்டும் அவளுக்கு. என் ஆயுசையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் மாடிவீட்டுக்காரி