மழைக்கு ஆகாத துப்பாக்கி

2 ஆகஸ்டு 2025, சனி

தாசேக் கெலுகோர் நிலத்தில் இன்னும் பதினோரு செம்பனைக் கன்று போச்சு. காட்டுப்பன்றி அடியோடு புரட்டிக் குருத்தைத் தின்றிருக்கிறது. அப்பா விட்டுப்போனது நாலே ஏக்கர். இந்தக் கன்றுகளும் போனால் மறுபடி நட வழியில்லை, நிலத்தை விற்க வேண்டியதுதான்.

தம்பி கோகிலன் பேரில் துப்பாக்கி லைசன்ஸ் வந்துவிட்டது. நிலத்தைப் பார்ப்பது நான், லைசன்ஸ் அவனுக்கு! "பொம்பளைக்கு எதுக்குடி அதெல்லாம்" என்றார் அம்மா. நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

9 ஆகஸ்டு

டவுனில் துப்பாக்கிக் கடை. கடைக்காரர் என்னைத் தாண்டித் தாண்டித் தம்பியிடமே பேசினார். இத்தாலித் துப்பாக்கி. எண்ணெய் போட்டு மெருகேற்றிய மரக்கட்டை, இரும்பில் பறக்கிற வாத்து செதுக்கியிருக்கிறது. பொய் சொல்வானேன், அழகுதான். ஆனால் பக்கத்தில் இருந்த துருக்கித் துப்பாக்கியைப் போல ஐந்து மடங்கு விலை.

"இதுவும் சுடுந்தானே?" என்று துருக்கியைக் காட்டிக் கேட்டேன்.

"சுடும் அக்கா. ஆனா அது வேற லெவல் லா," என்றான் கோகிலன். பன்றிக்கு லெவல் தெரியுமா?

10 ஆகஸ்டு

நிலத்துக் கணக்கில் பணம் எடுக்க என் கையெழுத்தும் வேண்டும். நாள் முழுக்க யோசித்தேன். முடியாது என்று சொல்லத்தான் போனேன்.

"மலிவா வாங்கி, பன்னி மேல பாயுறப்ப வெடிக்காம சிக்கிக்கிட்டா? யாரு அக்கா பதில் சொல்றது?" என்றான் கோகிலன்.

இருப்பது ஒரே தம்பி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

6 செப்டம்பர்

காவலுக்குப் போகிறேன் என்று கோகிலன் சொன்ன நாலாவது சனிக்கிழமையும் போனது. துப்பாக்கி பாயான் பாருவில் அவன் வீட்டு இரும்பு அலமாரியில் பத்திரமாகத் தூங்குகிறது.

"மழை அக்கா. கட்டை ஊதிப்போகும். அடுத்த வாரம் போறேன் லா."

மழையில்தானே பன்றி வருகிறது! வெயிலில் வாத்துப்படம் பார்க்கவா வாங்கினோம்?

14 செப்டம்பர்

இன்னும் ஒன்பது கன்று.

1 அக்டோபர்

ஆயுத பூசை. கோகிலன் வீட்டில். அவனே துப்பாக்கியை எடுத்துச் சாமி முன்னால் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா வழக்கம்போல் கார், அரிவாள், அவன் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். துப்பாக்கிக் கட்டையிலும் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம். பூசை முடிந்து துடைத்தால் கறை போகவில்லை.

"பாழாக்கிட்டியேம்மா! இத்தாலிக் கட்டை! அறிவிருக்கா உனக்கு?"

அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அவன் கண்ணில் தண்ணீர். நிஜமாகவே அழுதான். இருபது கன்று செத்தப்ப எங்கடா போச்சு இந்தக் கண்ணீர்? அப்பா நிலம்டா அது! அம்மாவைப் போய் அறிவிருக்கான்னு கேக்குறே — உனக்கு வெட்கமா இல்லே? எல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும்.

சாப்பிடாமல் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரில் அம்மா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "லைசன்ஸுக்கு நீயே எழுதிப் போட்டிருக்கலாம்டி."

2 அக்டோபர்

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டேன். போலீஸ் நிலையத்தில் என் பேரில் விண்ணப்பம் கொடுத்தேன். "கணவருக்கா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். எனக்குத்தான் என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. நானும் அம்மாவும் மிச்சக் கன்றுகளைச் சுற்றித் தகரம் அடித்தோம். கோகிலன் வரவில்லை. வரவேண்டாம்.

7 பிப்ரவரி 2026

லைசன்ஸ் வந்தது. போனஸில் துருக்கித் துப்பாக்கி வாங்கினேன். கடைக்காரர் இந்த முறை என்னைப் பார்த்துத்தான் பேசினார். வேறு யாரும் கூட இல்லையே.

15 மார்ச்

நேற்று மாலை நல்ல மழை. தகரத்தை முட்டிக்கொண்டிருந்தது பெரிய ஆண்பன்றி. முதல் வெடி தவறியது, இரண்டாவது தவறவில்லை. தோள் நீலமாகிவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு இன்று காலை கோகிலன் வந்தான், செருப்பெல்லாம் சேறு. அம்மாவிடம் என்னவோ முணுமுணுத்தான், அம்மா அவனுக்குத் தோசை வைத்தார். பிறகு என் பக்கம் வந்து துப்பாக்கிக்குக் கையை நீட்டினான்.

"ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டாக்கா?"

"லைசன்ஸ் எம்பேருல இருக்கு. தொடாதே."

மண்வெட்டியைக் கொடுத்தேன். விழுந்த தகரத்தை நிமிர்த்தப் போனான்.