ஒற்றைக் குருவி

அன்புள்ள அக்காவுக்கு,

தர்கா சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய்.

நீ போன பிறகு அத்தா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புவதில்லை. அதனால் இந்த வருடம் காகிதத் தோரணம் முழுவதையும் நானே வெட்டினேன். நம் தெருவில் வீட்டுக்கு வீடு தனி அடையாளம்தானே. நம்முடையது பிறைக்குக் கீழே இரண்டு குருவிகள், பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று.

"இந்தத் தடவ ஒண்ணுதான் இருக்கணும்" என்றார் அத்தா. காகிதத்தை மடித்து வெட்டினால் ஒன்று எப்படி வரும்? பிரித்தபோதெல்லாம் இரண்டாகவே இருந்தது. மடிக்காமல் வெட்டினேன், கிழிந்தது. கடைசியில் அத்தாவே கத்தரியை வாங்கி, ஒவ்வொரு தாளிலும் ஒரு குருவியை நறுக்கி எடுத்தார். குருவி வடிவத்திலேயே ஓட்டை விழுந்தது.

வாசலில் கட்டியதும் எதிர்வீட்டு சுபைர் மாமா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னா ஜான் பாஷா, ஒன் பெரியவ தோரணத்துலேர்ந்தும் ஓடிட்டாளா?"

அத்தா தோரணத்தை அறுத்தெடுத்துக்கொண்டு உள்ளே போனவர் தொழுகைக்குக்கூட வெளியே வரவில்லை. தெருவில் நம் வாசல் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

வராதே அக்கா.

நறுக்கிப்போட்ட குருவிகளைப் பெருக்கித் தள்ளச் சொன்னார் அம்மா. தள்ளிவிட்டேன். ஒன்றையாவது எடுத்துவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் தங்கை