அவன் குரலில் என் தீர்ப்பு

12.6.2025, வியாழன்

நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் அட்மிஷன் நெரிசல். தலைவலி. ஆனாலும் ஸ்கிரிப்ட்டை முடித்துவிட்டேன். இரண்டு கதை கேம்களின் ஒப்பீடு. அவற்றின் நீளப் பெயர்களைச் சுருக்கிப் படகுக்காரி, அரண்மனை என்றே எழுதுகிறேன்.

படகுக்காரியில் மூன்றாவது மணி நேரத்தில் ஒரு விதவையிடம் பொய் சொன்னேன். முப்பதாவது மணி நேரத்தில் கடைத்தெருவில் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பி, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பொய்யை அவள் மறக்கவில்லை. அரண்மனையில் நான்கு பதில்கள் தருகிறார்கள். எதைத் தொட்டாலும் ராஜா ஒரே வரியைத்தான் பேசுகிறார். நான்கையும் ஆடிப் பார்த்தேன். ஆகவே முடிவு: படகுக்காரியை வாங்குங்கள். அரண்மனை வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு.

ஜினோவுக்கு அனுப்பினேன். "செம, ஆன்சி! நாளைக்கே பேசிர்றேன்" என்றான். இரண்டு வருடமாக இப்படித்தான். எழுத்து என்னுடையது, முகமும் குரலும் யூடியூப் சேனலும் அவனுடையவை. ஜூலையில் எங்கள் கல்யாணம்.

15.6, ஞாயிறு

சர்ச்சில் எங்கள் கல்யாணத்துக்கான முதல் ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். என் பெயரை மைக்கில் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

18.6, புதன்

வீடியோ வந்துவிட்டது. முக்கால்வாசி என் வரிகள். கடைசியில் — "ரெண்டையும் ஆடிப் பாத்துட்டேன், அரண்மனைதான் டாப்பு. நீங்க எடுக்குற ஒவ்வொரு முடிவும் கதையவே மாத்திரும்."

அவன் அரண்மனையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை!

போன் போட்டேன். "அரண்மனைக் கம்பெனிக்காரன் மெயில் போட்டிருந்தான். அடுத்த கேம ரிலீசுக்கு முன்னாடியே நமக்குத் தாரானாம். ஒரு வரிதான மாத்துனேன்?"

"அது பொய்யிடா."

"ஒரு கேமுக்கா இம்புட்டு கத்துற?"

20.6, வெள்ளி

உசிலம்பட்டியிலிருந்து நல்லகாமன் என்பவரின் கமெண்ட்: "அண்ணே, ஒங்கள நம்பித்தான் அரண்மனை வாங்குனேன். ரெண்டு நாளா ஆடுறேன், எத அமுக்குனாலும் ஒண்ணுதான் நடக்குது. நெசமாவே ஆடுனீங்களா?"

சாயங்காலம் பார்த்தால் அதைக் காணோம். அழித்திருக்கிறான்.

21.6, சனி

அவன் வீட்டு மாடியில் லைவ். யாரோ கேட்டார்கள், ஸ்கிரிப்ட் எழுதுவது யார் என்று. "நானேதான் மாப்ள, இதுக்குன்னு ஆளா வச்சிருக்கேன்?" என்று சிரித்தான். அவன் முகத்துக்கு லைட் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

முடிந்ததும் கேட்டேன்.

"கல்யாணத்துக்கப்புறம் ஒன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு? ஒரு பொம்பள எழுதுறான்னு தெரிஞ்சா எவன் நம்பிக் கேப்பான்?"

சாதாரணமாகத்தான் சொன்னான், வயரைச் சுருட்டிக்கொண்டே. லைட்டைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே வந்திருக்கிறேன். பஸ் வந்ததா? தெரியவில்லை.

22.6, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

26.6, வியாழன்

வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அடிச்சானா? குடிச்சானா? ஒரு வெளாட்டுக்காகவாடி கல்யாணத்த நிப்பாட்டுவ? யாராச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அடிக்கவில்லை. குடிக்கவில்லை. என் எழுத்தை வைத்தே பொய் சொன்னான், பிறகு எழுத நான் என்று ஒருத்தியே இல்லை என்றான் — இதை அம்மா பக்கத்து வீட்டில் எப்படிச் சொல்லுவாள்? எனக்கே முழுசாகச் சொல்ல வரவில்லையே. போதகரிடம் நானே போய்ச் சொன்னேன். அம்மா உடன் வரவில்லை.

29.6, ஞாயிறு

மூன்றாம் ஓலையில் எங்கள் பெயர் இல்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

9.7, புதன்

அதே ஒப்பீட்டை என் குரலில், என் பெயரில் போட்டேன். என் முடிவோடு.

13.7, ஞாயிறு

நூற்றுப் பதினேழு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கமெண்ட்: "ஜினோ அண்ணே ஸ்டைல அப்பிடியே காப்பி அடிச்சிருக்கீங்க சிஸ்டர். சொந்தமா எதாச்சும் பண்ணுங்க."

அதன் கீழே, ஜினோவின் சேனலிலிருந்து பதில்: "விடு மாப்ள, பாவம்."

பாவமாம்.

நான் எதையும் அழிக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். அடுத்த ஸ்கிரிப்ட் நான்கு பக்கம் வந்திருக்கிறது. 'நான் ஆடினேன்' என்று தொடங்குகிறது.