தொட்டி பிழைத்துக்கொண்டது

என் சாக்கடை மகாராணிக்கு,

வார்டுக்குள் யாரையும் விடமாட்டோம் என்கிறார்கள். அதனால் இதை நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் சொன்னதை உனக்கும் சொல்லியிருப்பார்; அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

உன் தொட்டி பிழைத்துக்கொண்டது!

அடைமழையில் குப்பைமேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் மொத்தமாக உன் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் இறங்கி, அதைத் தின்று சுத்தம் செய்யும் உன் நுண்ணுயிர்கள் பாதிக்கு மேல் செத்துப்போன அன்று, உன் மேலதிகாரி ஆற்றுப்பக்கக் கதவைத் திறந்து அந்தத் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடலாம் என்றாராம். நீ காய்ச்சலோடு போனில் போட்ட போட்டை உன் தொட்டி ஆபரேட்டர் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்: “பிள்ளைங்க குளிக்கிற ஆறு சார் அது. கதவைத் தொட்டீங்கன்னா டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுட்டு நானே வந்துடுவேன்!”

பிறகு நீ சொன்னபடியே வரும் தண்ணீரைக் குறைத்து, மீதியை நிலையத்துச் சேமிப்புக் குளத்தில் தேக்கினார்கள். தொட்டிக்குள் காற்றை நிறுத்தாமல் ஊதினார்கள். நகரத்துச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நுண்ணுயிர் நிறைந்த சேற்றை லாரியில் கொண்டுவந்து கலந்தார்கள்.

இன்று நானே போய்ப் பார்த்தேன். மூக்கை அரிக்கும் நெடி இல்லை. உன் நுண்ணுயிர்கள் மறுபடி வேலை செய்வதற்கு அடையாளமாகப் பழுப்பு நுரை பொங்குகிறது. வெளியேறும் தண்ணீரில் சோதனைக்காக விட்ட மீன்கள் துள்ளுகின்றன. படுக்கையில் இருந்தபடியே ஓர் ஆற்றைக் காப்பாற்றியவள் என் பெண்டாட்டி என்று வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது மேலதிகாரி, “அவங்க எப்ப திரும்பி வருவாங்க?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அடுத்த மழைக்குள்ள வந்துடுவாங்க சார்” என்று உன்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் வீட்டுக்காரன்