அஞ்சு நாள் ஓட்டம்

நோன்பு பிறை 17, வெள்ளி.

இண்டைக்கு நோன்பு திறந்த கையோட விளையாட்டுக் கழகத்தாக்கள் என்ட கதையை எடுத்தாங்க. நான் ஒருநாள் சைக்கிளோட்டத்துக்குப் போறதா, அஞ்சு நாள் ஓட்டத்துக்கா எண்டு. பள்ளிவாசலுக்குப் போகவே ஆட்டோ பிடிக்கிற கூட்டம். என்னை ஒருத்தரும் கேட்கல்ல.

"முப்பது நோன்பும் பிடிக்கிற புள்ளைக்கு அஞ்சு நாள் என்ன பெரிசு?" எண்டார் தலைவர், கஞ்சிக் கோப்பையை வழிச்சபடி. அதோட முடிவாகிட்டு.

ஒருநாள் எண்டா நான் வெல்லுவன். மூணாம் நாள் எனக்குக் கால் செத்துரும்.

இந்தத் தலைவர் முந்தநாள் நடுப்பகலில அக்கரைப்பற்றுச் சாப்பாட்டுக் கடையில, நோன்புக்காகக் கட்டின திரைக்குப் பின்னால இருந்து பிளேன்டீ குடிச்சவர். கண்ணால கண்டன். அதைச் சொல்லியிருந்தா அவர்ட வாய் அடைஞ்சிருக்கும். சொல்லாம, "ஓம் தலைவர் காக்கா" எண்டன்.

அந்தத் திரைக்குப் பின்னால நானும் சோடாப் போத்தலோடதான் இருந்தன்.